அது நமக்கில்லை

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முதன்முதலில் கிளப்பிவிட்டது யார்?

உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் அகப்பட்டால் அந்த ஆள்மேல் கொஞ்சம் கோபப்படலாம். கோபப்பட்டால் நெஞ்சில் கிடக்கிற கனத்தில் ஒரு பிடியாவது குறையும். கணவரைச் சொல்லலாம். மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்க்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் பொண்டாட்டி இங்கிலீஷ்ல புலி" என்று சொன்னவர் அவர்தான். கொழுந்தனைச் சொல்லலாம். தான் வேலை செய்கிற இடத்திலேயே அண்ணிக்கும் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணிகிட்ட கேளுங்கடா" என்று எல்லோரையும் அனுப்பிவைத்தவன் அவன். ஆனால் யார் சொல்லியிருந்தாலும், அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்திருக்க வேண்டிய வாய் அவளுடையது. அது மட்டும் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தது.

சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுப்படியில் இன்னொருத்தியும் இருந்தாள். கொழுந்தனின் மனைவி. முன்பெல்லாம் இரண்டு பேரும் சமைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தும்மல் வருகிற அளவுக்குப் பேசுவார்கள். இப்போது ஓரகத்தி அவளோடு பேசுவதில்லை. பாத்திரங்களோடு பேசினாள்.

"உனக்கென்ன, கழுவினா சுத்தமாயிடுவ," என்று ஒரு தட்டிடம் சொன்னாள்.

தட்டு பதில் சொல்லவில்லை. அவள் அடுத்த கிழங்கை எடுத்துச் சீவினாள்.

நடந்தது இதுதான். விமானத்தின் அடிவயிற்றில், சக்கரங்கள் மடங்கி உள்ளே போகிற இடத்தில் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவு ஒரு மனிதரின் வலது கையை நசுக்கிவிட்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அங்கே வேலையை நடத்தியவன் கொழுந்தன். அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்குப் போனில் சொன்னவள் இவள்.

விமானங்களை இழுத்து நிறுத்திப் பழுது பார்க்கிற அந்தப் பெரிய கூடத்துக்கு ஹேங்கர் என்று பேர். தகரக் கூரை. வெயில் நாளில் உள்ளே நின்றால் தலை வேகும், மழை நாளில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. ஒரு மூலையில் கம்பிவலை போட்ட அறை ஸ்டோர்ஸ். திருகாணி, வளையம், ரப்பர் குழாய், எண்ணெய் டப்பா என்று அலமாரி அலமாரியாக இருக்கும். அவள் அந்த வலைக்குப் பின்னால் நின்று, கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

மெக்கானிக்குகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது அதில் வரும். எல்லாம் இங்கிலீஷ். அதுவும் எப்படிப்பட்ட இங்கிலீஷ் என்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பயந்து திருத்தி, மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து ஒட்டியது போல இருக்கும். ஒரு வரி தொடங்கினால் முடிகிற இடம் தெரியாது. நடுவில் நாலைந்து எண்கள் வரும். "இன்ன பக்கத்தைப் பார்" என்று நீலத்தில் ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் பக்கம் வேறொரு பக்கத்தைப் பார்க்கச் சொல்லும். திரும்பி வர வழி தெரியாமல், கிரீஸ் படிந்த விரலோடு அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். கதவு எங்கே மாட்டும், எண்ணெய் எங்கே கசியும் என்பதெல்லாம் மெக்கானிக்குகளுக்குக் கைக்குத் தெரியும். அந்த வரிகளைப் பார்த்தால் மட்டும் முகத்தில் ஈயாடாது.

புரியாதவர்களுக்கு ஒரு வழியும் அதிலேயே இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் கேள்வி மேலிடத்துக்குப் போகும். பதில் வருகிறவரைக்கும் வேலை நிற்கும். ஹேங்கர் வாசலில் மாட்டியிருக்கிற பெரிய திரையில் அந்த விமானத்தின் எண் சிவப்பாக மாறும். பக்கத்தில் அமுக்கினவரின் பெயரும் வரும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அமுக்கினார். அன்றைக்கு அந்த விமானம் கிளம்பவில்லை. பயணிகள் போட்ட சத்தமெல்லாம் கடைசியில் அவர் தலையில் வந்து விடிந்தது. அவரை மெக்கானிக் வேலையிலிருந்து இறக்கி உதவியாளாகப் போட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பேர் கேள்வி மாமா. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் கேள்வி மாமாவைக் காட்டுவார்கள். அவரும் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆமா தம்பி, நாந்தான் அந்தப் பொத்தான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் அமுக்கியதில்லை.

அமுக்குவதற்குப் பதிலாக, திரையைப் போனில் படம் எடுத்து ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்கள். அவள் படித்துப் பார்த்து, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தமிழில் சொல்லி அனுப்புவாள். "மொதல்ல அந்தச் சின்ன மூடியைக் கழட்டுங்க, கழட்டினதும் உள்ள பச்சையா ஒண்ணு தெரியும், அதைத் தொடாதீங்க." கொழுந்தன் ஆரம்பித்துவைத்தது. ஒருவர் இருவராகி, கடைசியில் எல்லோருமே அவளைத்தான் கேட்டார்கள். டிக்‌ஷனரி அக்கா என்று பேர் வைத்தார்கள். ஹேங்கரை மேற்பார்வை பார்க்கிற இன்ஜினியருக்கும் தெரியும். வேலை நிற்காமல் ஓடுகிறது என்பதால் கண்டும் காணாமலும் இருந்தார். ஒருமுறை தேநீர் குடிக்கும்போது, "நம்ம டிக்‌ஷனரி லீவு போட்டா விமானமே பறக்காது போலிருக்கே" என்றுகூடச் சொன்னார். அவளுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

கல்லூரியில் அவள் இங்கிலீஷ்தான் எடுத்துப் படித்தாள். யாரோ எழுதிவைத்த குறிப்புகளை மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒப்பித்து, கரையேறினாள். அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் ஹேங்கரில் அவள் சும்மா ஒப்பேற்றவில்லை. ஆரம்பத்தில் ராத்திரி அகராதி வைத்துப் பார்த்தாள். மறுநாள் விமானத்தின் அடியில் போய் நின்று, திரையில் படித்தது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பத்தில் ஒன்பது வரி அவளுக்கு உண்மையாகவே புரிந்தது. அந்தப் பத்தாவது வரிக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எந்த விமானத்துக்கு எது பொருந்தும் என்று எண்களை அடுக்கி வருகிற வரிகள் நிறைய உண்டு. அவற்றில் பாதி வேறு வரிசை விமானங்களுக்கானவை. அதனால் புரியாத வரி வந்தால், குரலை மட்டும் கொஞ்சம் உறுதியாக்கிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

"அது நமக்கில்ல. விட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க."

பெரும்பாலும் அது நிஜமாகவே அவர்களுக்கு இல்லாததாகத்தான் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்கு மழை. கூரைச் சத்தத்தில் காது அடைத்தது. வலைக்கு முன்னால் ஆட்கள் சாமானுக்காக நின்றார்கள். கொழுந்தன் அனுப்பிய படத்தில், கதவுக்குள் கை விடுவதற்கு முன் போட வேண்டிய பூட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதற்குக் கீழே மூன்று வரி நீளத்துக்கு இன்னொன்று. மாற்றம் செய்த விமானங்கள், செய்யாத விமானங்கள், எண்கள், இரண்டாவதாக ஒரு பூட்டு, வேறொரு பக்கம். அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் "அக்கா, சீக்கிரம்" என்றான். போனை எடுத்தாள், சொன்னாள். இரண்டாவது பூட்டு நமக்கில்ல தம்பி, மாற்றம் செஞ்ச விமானத்துக்கு, விட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க.

அது அவர்களுக்குத்தான்.

பிறகு ஹேங்கரில் பேசிக்கொண்டதிலிருந்து மிச்சத்தைத் தெரிந்துகொண்டாள். கதவுக்குள் கை விடப் போனபோது கேள்வி மாமா நின்று, ஒரு பூட்டுத்தானா என்று கேட்டாராம். கொழுந்தன் போனை அவர் காதில் வைத்து அவள் சொன்னதைப் போட்டுக் காட்டினானாம். "டிக்‌ஷனரி சொல்லிடுச்சா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் கையை உள்ளே விட்டிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் வேறு வேலைக்காக யாரோ எண்ணெய் அழுத்தத்தைத் திறந்திருக்கிறார்கள். ஒற்றைப் பூட்டு தாங்காமல் கதவு மூடிக்கொண்டது.

அப்ப சரி. அந்த இரண்டு சொல்லை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. குளிக்கும்போது நினைத்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு அப்படியே நிற்பாள்.

கிழங்கு வெந்ததும் மசித்து, பால் விட்டு, உப்புப் போட்டு, கஞ்சி மாதிரி நீர்க்கக் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றினாள். கேள்வி மாமாவைப் பார்க்க இதுவரை அவள் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள், கால்வலி என்று சொன்னாள். மறுநாள் கம்பெனியில் விசாரணை. இன்றைக்கும் போகாவிட்டால் இனி எந்த முகத்தோடு போவது என்று கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது போன் அடித்தது. ஒரு மெக்கானிக் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஒருவர் விரலை இழந்த பிறகும் படங்கள் வருவது நிற்கவில்லை. அவன் எழுதியிருந்தான்: அக்கா, கொஞ்சம் பாருங்க. அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்காரர்களின் நீண்ட கூடம். ஜன்னலோரக் கட்டிலில் கேள்வி மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை ஒரு தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு, கம்பியில் தூக்கிக் கட்டியிருந்தது. மடியில் பழைய செய்தித்தாள். இடது கையில் பேனா. செய்தித்தாளின் ஓரமெல்லாம் கோணல்மாணலாக எதையோ கிறுக்கியிருந்தார்.

"வாம்மா டிக்‌ஷனரி," என்றார். "என்னடா எல்லாரும் வந்துட்டாங்க, படிச்சவங்க மட்டும் வரலையேன்னு பாத்தேன்."

அவள் பிளாஸ்கை வைத்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்ட பிறகு அந்தக் கேள்வியே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அவர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. இல்லாத விரல்தான் அதிகம் அரிக்கிறது, சொறியலாம் என்றால் எங்கே சொறிவது என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் ஒரு இன்ஜின் ஓடுகிறது, அதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள். அவர் இடது கையால் கரண்டியைப் பிடித்துக் குடித்தார். முகவாயில் வழிந்தது. துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் கைத்துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எழுதறீங்க?" என்று கேட்டாள்.

"கையெழுத்து. எடது கையால போட்டுப் பழகறேன். புதுசா பள்ளிக்கூடத்துல சேந்த மாதிரி இருக்கு." தலையணைக்கடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "இதுல போடணுமாம். இன்ஜினியர் கொடுத்துட்டுப் போனாரு. சும்மா ஆஸ்பத்திரிச் செலவு சம்பந்தமான பேப்பர்னாரு. எல்லாம் இங்கிலீஷ். நர்ஸம்மாவைப் படிக்கச் சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் நெனச்சேன், நம்ம டிக்‌ஷனரி இருக்கும்போது வெளியாளு எதுக்கு. நீயே படிச்சுச் சொல்லும்மா. நீ சொன்னா சரி."

அவள் வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அரைப் பக்கம்தான். சின்னச் சின்ன வாக்கியங்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் மெக்கானிக் எச்சரிக்கையைப் படித்தார். புரிந்துகொண்டார். உதவியாளிடம் எடுத்துச் சொன்னார். உதவியாள் அதை மீறித் தானாகவே கையை உள்ளே விட்டார். இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. எண்கள் இல்லை, வேறு பக்கத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. இவ்வளவு தெளிவாக எழுத அந்தக் கம்பெனிக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இதைப் படித்துச் சொன்னால், அடுத்து அவர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் அந்த மூன்று வரிக்கு வர வேண்டும். அங்கே வந்தால், புரியாமலே சொன்னேன் என்று சொல்ல வேண்டும். கிண்ணத்தைப் பிடித்தபடி அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி கொண்டு வரல மாமா," என்றாள். "பொடி எழுத்தா இருக்கு. தெரியல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வை கொஞ்சம் மேலே போய் ஒரு கணம் நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கென்ன, அவசரமா?" என்றார். "நாளைக்குக் காலைலதான் வாங்க வருவாங்க. மெதுவா பாத்துக்கலாம்."

காகிதத்தை வாங்கி மறுபடியும் தலையணைக்கடியில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் தமாஷ் எதுவும் பேசவில்லை. கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் அவளுக்கு ஓரத்து இருக்கை கிடைத்தது. உட்கார்ந்து தலையைக் குனிந்தபோது மூக்கில் என்னவோ வந்து விழுந்தது. கண்ணாடி. வாசலில் பிளாஸ்கைப் பையில் வைக்கும்போது நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது அவள் தலையில் இருந்திருக்கிறது. அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அவள் கூசிவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார்.

பக்கத்தில் இருந்த பெண் என்னம்மா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே கடைகள், சுவர்கள், துணி காய்கிற மாடிகள் எல்லாம் ஓடின. எல்லோரும் அவளைத்தான் பார்ப்பது போல இருந்தது. போன் மறுபடியும் அடித்தது. கிளம்பும்போது படம் அனுப்பின அதே மெக்கானிக். அக்கா, பாத்தீங்களா, வேலை நிக்குது.

படத்தைத் திறந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். இறக்கையோரத்தில் ஏதோ ஒரு குழாயை மாற்றுகிற வேலை. நடுவில் இரண்டு வரி. நிதானமாகப் படித்தாள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். புரியவில்லை. அவள் விரலால் எழுதினாள்: எனக்கு இது புரியல. நீங்க பொத்தானை அமுக்கிடுங்க.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள், வரிசையாக. கீழே, நல்ல தமாஷ்க்கா, சீக்கிரம் சொல்லுங்க.

அவள் மறுபடியும் அதையே எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை முகங்கள் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். கணவர் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருந்தார். கொழுந்தன் குளித்து, சட்டை மாற்றி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவனுடைய கன்னம் ஒட்டிப்போய்விட்டது. அவனைத் தூக்கி வளர்த்தவர் அவள் கணவர்தான். அப்பா போன பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா மகன் போலத்தான்.

"வாங்கக்கா," என்றாள் ஓரகத்தி. தேநீர் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். தட்டோடு வைத்தாள், சத்தமில்லாமல் வைத்தாள். இத்தனை நாள் கழித்து வந்த அந்த அக்கா என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மேசைமேல் வெள்ளைத் தாள்களும் ஒரு பேனாவும் இருந்தன.

கணவர்தான் பேச்சைத் தொடங்கினார். சுற்றி வளைத்தார். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். கடைசியில் கொழுந்தனே சொன்னான். விசாரணையில் அவனிடமிருந்து இங்கிலீஷில் எழுதின விளக்கம் ஒன்று வேண்டுமாம். திரையைத் தானே படித்தேன் என்று இருந்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். போனில் வேறொருவர் சொன்னதை வைத்துக்கொண்டு விமானத்தில் கை வைத்தேன் என்றால் லைசென்ஸ் போய்விடும். இனி எந்த ஹேங்கரிலும் சேர்க்கமாட்டார்கள். இன்ஜினியரே எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"நாலு வரிதான் அண்ணி," என்றான். "நானே படிச்சேன், புரிஞ்சுது, மாமாகிட்ட சொன்னேன். அவர்தான் அவசரப்பட்டுக் கைய விட்டாரு. நீங்க எழுதிக் கொடுங்க, நான் என் கையால காப்பி பண்ணிக்கறேன். உங்க பேரு எங்கயுமே வராது."

"உன்னைக் காப்பாத்தவும்தாம்மா இது," என்றார் கணவர்.

"மாமாவுக்கு?" என்று கேட்டாள்.

மாமாவுக்கு எப்படியும் ஓய்வுபெறுகிற வயசு என்று கொழுந்தன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இப்போது அவர்மேல் வந்தாலும் அவருக்குப் புதிதாக என்ன கெட்டுவிடப் போகிறது, ஏற்கெனவே பேர் கெட்டவர்தானே என்றான். சொல்லி முடித்ததும் அவன் காது மடல் சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. விபத்து நடந்த அன்று மாமாவின் கையைத் தன் சட்டையால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடியவன் அவன்தான். அந்தச் சட்டையை ஓரகத்தி எத்தனை தடவை துவைத்தும் கறை போகவில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். எடுத்ததும் மூன்று பேருடைய மூச்சும் இறங்கியது அவளுக்குக் கேட்டது. நாலு வரி. அவளால் எழுத முடியும். மதியம் பார்த்த அதே வாக்கியங்கள்தான், வரிசை மாறாமல் மனதில் இருக்கின்றன. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவளுக்கு இது ஒரு பெரிய வேலையா? எழுதிவிட்டால் அவள் டிக்‌ஷனரியாகவே இருக்கலாம். வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இனிமேல் ஜாக்கிரதையாகச் சொல்லலாம். அந்தப் பத்தாவது வரியைப் பற்றி ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். ஒருவரைத் தவிர. அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்.

"தம்பி," என்றாள். "அன்னைக்கு அந்த வரி எனக்குப் புரியல."

கொழுந்தன் நிமிர்ந்தான். "சரி அண்ணி, யாருக்குமே புரியாத வரிதானே அது. இன்ஜினியரே ரெண்டு தடவை படிச்சாரு."

"அதில்ல. புரியலன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட நமக்கில்லன்னு சொன்னேன். புரியலன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துது."

அவன் முகம் மாறியது. இத்தனை நாளும் அவளுடைய தப்பை ஒரு விபத்து மாதிரிதான் அவன் மனசில் வைத்திருந்திருக்கிறான் போலிருந்தது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. தாழ்த்திக்கொண்டால் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

"இன்னும் எத்தனை தடவை அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான், மெதுவாக.

"தெரியல. நெறைய."

கணவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். பழசையெல்லாம் இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். நாளைக்கு விடிந்தால் விசாரணை, முதலில் இதை முடி, மற்றதை நமக்குள்ளே பேசிக்கொள்வோம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். அந்தக் குரலில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது," என்றாள் ஓரகத்தி. இந்தத் தடவை பாத்திரத்திடம் சொல்லவில்லை, நேராக அவளிடமே சொன்னாள். "வீட்டுக்கு நாலு வரி எழுத வரலையாக்கா? அவர் லைசென்ஸ் போனா நாங்க எங்க போறது?"

நியாயமான கேள்வி. அவளுடைய வெட்கத்துக்காக ஒருவர் விரல் போயிற்று, இப்போது இன்னொருவர் பிழைப்பும் போகலாம். எது செய்தாலும் கை சுத்தமாகப் போவதில்லை. தேநீர் ஆறி, மேலே ஆடை படர்ந்திருந்தது.

அவள் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, கொழுந்தன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எனக்கு எழுத வராது தம்பி," என்றாள்.

"அண்ணி."

"காலைல நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாமாகிட்ட ஒரு பேப்பர் இருக்கு. அதுல இருக்கறதை இருக்கற மாதிரி அவருக்குப் படிச்சுச் சொல்லணும். அதுக்கப்புறம் விசாரணைக்கு வரேன். போன்ல சொன்னது நான்தான்னு நானே சொல்றேன். புரியாம சொன்னேன்னும் சொல்றேன். தமிழ்லதான் சொல்வேன், அவங்களுக்குப் புரியலன்னா யாரையாவது வெச்சுக் கேட்டுக்கட்டும்."

கணவர் அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியைத் திருகித் திறந்தாள். அடியில் கொஞ்சம் கஞ்சி ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, கையை உள்ளே விட்டுத் தேய்த்தாள். பின்னாலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள், யார் என்று தெரியவில்லை. நாலே வரிதானே என்றது அந்தக் குரல்.

"வராது," என்றாள், திரும்பாமல்.